மாசும் தீட்டும்: பாலாற்றுத் தோல் தொழிலை முன்னிட்டு ஓர் அறநெறி ஆய்வு

அப்போஸ்தலருடைய நடபடிகளில் லூக்கா ஒரே வீட்டின் விலாசத்தை மூன்று முறை எழுதுகிறார் (அப். 9:43, 10:6, 10:32). யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோனுடைய வீடு அது; கடலோரத்தில் இருந்தது என்ற குறிப்பும் உண்டு. சொற்களை வீணாக்காத ஆசிரியர் ஒருவர் இதனை மும்முறை கூறுவதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். தோல் பதனிடுவோரை யூத சமுதாயம் எங்கே நிறுத்தி வைத்தது என்பதை மிஷ்னா காட்டுகிறது. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் விலகி, ஊருக்குக் கிழக்கே மட்டும் அமையலாம் என்பது பாபா பத்ரா பகுதியின் விதி. கணவன் இத்தொழில் செய்பவனாயின் மனைவி மணவிலக்குக் கோரலாம் எனக் கெத்துபோத் பகுதி இசைவளிக்கிறது. அத்தகையதொரு வீட்டில் பேதுரு அநேக நாள் தங்கினார். அவ்வீட்டின் மேல்தளத்திலேயே தூய்மை, தீட்டு என்னும் பாகுபாட்டைத் தகர்க்கும் தரிசனத்தையும் கண்டார். கொர்நேலியுவின் வாசலை மிதிக்குமுன்னரே அவர் ஒரு வாசற்படியைத் தாண்டியிருந்தார் என்பது பல விரிவுரைகளில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே நின்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்குமுன் இப்பகுதியை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, சீமோன் வீட்டுக் கழிவுநீர் எங்கே போயிற்று?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனார் டேனரி ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவர். பாட்டனாரின் ஒரு ஏக்கர் நிலமோ உப்புப் பூத்துத் தரிசாகக் கிடந்தது. ஒரே வீட்டில் தொழிலால் உண்டவரும் அதே தொழிலால் இழந்தவரும் இருந்தனர். அன்று என்னிடம் தக்க மறுமொழி இல்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடையெனக் கொள்ளலாம்.

நம் மொழி இவ்விடத்தில் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் வழங்கும் இரண்டினைத் தமிழ் மாசு என்றும் தீட்டு என்றும் பிரித்து வைத்திருக்கிறது. மாசு என்பது நீரிலும் மண்ணிலும் கலந்து உடலுக்கு ஊறு செய்வது, அளந்து காணத்தக்கது. தீட்டு என்பது மனிதர் மனிதர்மேல் ஏற்றிவைப்பது. எக்கருவியாலும் அளக்க இயலாதது. 1966இல் மானிடவியலார் மேரி டக்ளஸ், அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருளே எனக் காட்டித் தூய்மைபற்றிய ஆய்வுக்குப் புதுவழி திறந்தார். இந்தியச் சூழலியல் சிந்தனையைச் சாதி எவ்வாறு ஊடுருவி நிற்கிறது என்பதை முகுல் சர்மா 2017இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது பாலாற்றைக் குறித்து நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்று எழுகிறது: டேனரியைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவன் எதற்காகப் பொத்துகிறான்? மாசுக்காகவா, தீட்டுக்காகவா?

வினா வீணானதன்று. இறந்த கால்நடையை அகற்றுதலும் தோலை உரித்தலும் எம்மக்கள்மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டன என்பது யாவரும் அறிந்ததே. வட ஆர்க்காட்டுக் கிராமச் சபைகளுள் பெரும்பாலானவை அம்மக்களிடையே தோன்றியவை. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளர்ந்தது எனக் கற்பிக்கிறோம். ஆயினும் சுற்றுச்சூழல் ஞாயிறன்று நாம் செய்யும் பிரசங்கத்தில், தோலைத் தொடும் கையையே குற்றவாளியாக்கும் தொனி எளிதில் நுழைந்துவிடுகிறது. தோல் வணிகர் பலர் இஸ்லாமியர் என்பதால் இன்னொரு வகைத் தீட்டும் அப்பேச்சில் ஒட்டிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டும் பொய்ச்சான்றுகளே.

உண்மையில் கேடு எங்கிருந்து வந்தது? பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலைப் பதனிட்டனர். அன்றும் நாற்றம் இருந்தது; உப்பும் இருந்தது. ஆனால் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு 1973இல் இந்திய அரசு வரம்பு கட்டி, முழுமை பெற்ற தோலையும் தோற்பொருளையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணியை நாடிய கொள்கை அது, வேலைவாய்ப்பையும் பெருக்கிற்று. அதனோடு, தோலை ஏறக்குறைய ஒரே நாளில் பதப்படுத்தும் குரோமிய முறை ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எங்கும் பரவிற்று. கெடாதிருக்க உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்த நீர், சுண்ணாம்பு நீர், அமிலமும் உப்பும் கலந்த நீர், குரோமிய நீர் ஆகிய யாவும் வாய்க்கால் வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னரும் கரைந்த உப்பு அவற்றிற்கு எளிதில் அகப்படவில்லை. அதற்கெனச் சவ்வூடு வடிக்கும் பொறிகள் பின்னரே வந்தன. விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததில் குரோமியத்தைவிட உப்புக்கே பெரும்பங்கு உண்டு. இராணிப்பேட்டையில் மலைபோற் குவிந்த குரோமேட் கழிவோ வேறொரு கதை. அது தோல் ஆலையின் கழிவன்று. குரோமேட் இரசாயனங்களைச் செய்து மூடப்பட்ட ஆலையொன்று விட்டுச்சென்றது. அதிலுள்ள அறுமதிப்புக் குரோமியம் மிகுந்த நச்சுத்தன்மையுடையது. பிரசங்கத்தில் இவற்றைக் குழப்பாதிருத்தலும் உண்மை பேசுதலின் ஒரு பகுதியாம்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 900க்கு மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்குவதையும், ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயனற்றுப்போனதையும், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும் அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. இரு கோட்பாடுகளை அது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியெனக் கொண்டது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு ஒன்று: தன் செயலால் தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலையைச் சேரும். மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்பது மற்றொன்று: துன்புற்றோருக்கு இழப்பீடும், கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் அவரையே சாரும்.

இரண்டாம் கோட்பாடு 1972இல் மேலை நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு வகுத்தது என்றே நூல்கள் கூறும். திருமறை மாணவருக்கு அது புதிதன்று. குழியைத் திறந்து மூடாமல் விட்டவன், அதில் மாடோ கழுதையோ விழுந்தால் ஈடு செலுத்தவேண்டும் என்னும் விதி யாத்திராகமத்தில் உண்டு (21:33,34). குழி வெட்டியவனின் எண்ணம் என்ன என்று அவ்விதி விசாரிப்பதில்லை. மூடாமல் விட்டானா என்பதே கேள்வி. அவ்விதியின் கடைசிச் சொற்றொடரை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம்: செத்த மிருகம் குழிக்காரனைச் சேரும். முழு விலையையும் அவன் கொடுத்துப் பிணத்தைத் தானே எடுத்துக்கொள்ளவேண்டும். பாலாற்றங்கரையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. செத்த கிணறு விவசாயியிடமே விடப்பட்டது.

இனி ஈட்டின் கணக்கைக் காண்போம். தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சு 7 அன்று, அந்நாளைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என அடையாளங்கண்டு, 547 ஆலைகளிடமிருந்து சுமார் 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் பெற்று வழங்கப் பணித்தது. 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் முடிய உள்ள இழப்புக்கானது அது. சராசரி பார்த்தால் ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். மாதத்திற்கு நூறு ரூபாயைச் சற்றே மிஞ்சும். சராசரி என்பது முழு உண்மையைக் காட்டாது. சிலருக்கு மிகுதி, சிலருக்குக் குறைவு. ஆயினும் கிணற்றையும் தென்னையையும் நெல்லையும் இழந்த குடும்பத்தின் முன் இவ்வெண்ணை வைத்துப் பார்த்தல் தகும். ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொடுக்கப் பணிக்கும் லேவியராகமம் (6:4,5) முதலில் வேண்டுவது பறித்த பொருளையே திருப்புவதாகும். பணம் அதற்குப் பின்னர் வருவது. நிலத்தடி நீரை எவ்வாறு திருப்புவது என்பதற்கு ஆணையத்தின் தொகையில் விடை இல்லை.

குழியை வெட்டியவர் யார் என்பதும் நாம் நினைப்பதுபோல் எளிதன்று. 1989இல் ஜெர்மனி, தோலைப் பூஞ்சையினின்று காக்கப் பயன்பட்ட பென்ட்டாகுளோரோபினாலைத் தடைசெய்தது. சில ஆண்டுகளில் குறிப்பிட்ட அசோ சாயங்களையும் தடைசெய்தது. தமிழகத் தோல் தொழில் இவ்விரு தடைகளுக்கும் விரைவாக இணங்கிற்று. அரசும் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் தொழிலதிபர் சங்கங்களும் கூடி முயன்றதால் இது கூடிற்று என மீனு திவாரியும் பூனம் பிள்ளையும் 2005இல் எழுதினர். சுத்திகரிப்புக்கெனப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் சிறு ஆலைகள் கூட்டாகச் சேர்ந்த வரலாற்றை லொரெய்ன் கென்னடி 1999இல் ஆராய்ந்தார். ஆலைகளை மூடும் அச்சுறுத்தல் வந்த பின்னரே அக்கூட்டுறவு வலுப்பெற்றது என்பது அதில் விளங்கும். இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை கண்ணில் படாமற் போகாது. காலணியை அணிபவரின் தோலைக் காக்கும் விதி கடல்கடந்து வந்து சில ஆண்டுகளில் நிறைவேறிற்று. அக்காலணி பிறந்த ஊரின் குடிநீரைக் காக்கும் விதி, நாட்டின் தலைமை நீதிமன்றமே சொன்ன பின்னும் தள்ளாடிற்று. ஆற்றலும் அறிவும் இருந்தன. யாருக்காக என்பதில்தான் வேறுபாடு.

இச்சங்கிலியின் இன்னொரு கண்ணி நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைக்கும் பெண்கள் பலர். சோடிக்கு இவ்வளவு எனச் சில ரூபாய்க் கூலி. வைப்பு நிதியில்லை, காப்பீடில்லை, ஆலையின் பதிவேட்டில் பெயருமில்லை. மாதர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் அமரும் சகோதரிகளின் விரல் நுனியைப் பார்த்தால் ஊசி செய்த வேலை தெரியும். நானும் பல ஆண்டுகள் பார்க்கத் தவறினேன்.

2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டைச் சிப்காட்டிலுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் நள்ளிரவில் இடிந்தது. அடுத்திருந்த ஆலையில் உறங்கிய தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினின்று பிழைக்க வந்தவர்கள். மாசைத் தடுக்க எழுந்த அமைப்பே உயிரைக் கொண்டது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலைக்கு இப்போது வேறு மாநிலத்து ஏழையர் வருகின்றனர் என்பதையும், மாசு முதலில் அவர்களையே சேர்கிறது என்பதையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டிற்று. நாம் பிரித்துவைத்த இரு சொற்களும் அவர்கள் உடலில் மீண்டும் ஒன்றாயின.

ஆகவே ஆலைகளை ஒட்டுமொத்தமாக மூடிவிடுக என்று மேடையேறிச் சொல்லுதல் எனக்கு இயலாது. அதனைச் சொல்லும் ஆயரின் சபையில் பாதிப்பேர் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள். வேலைக்காகப் பொறுத்துக்கொள்க என்று சொல்லுதலும் இயலாது. மற்றப் பாதிப்பேர் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். பேதுரு சீமோனின் தொழிலைப் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை, அவ்வீட்டில் தங்கினார். தங்கியவருக்கே அவ்வீட்டு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது தெரிந்திருக்கும்.

வழக்கு இன்னும் நம் கையைவிட்டு அகலவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆணையம் விதித்த இழப்பீட்டை இதுவரை பெறாதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்திற்குள் வழங்கி, பின்னர் ஆலைகளிடம் வசூலிக்கவேண்டும் எனப் பணித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குமேல் கழிந்துவிட்டன. பட்டியலில் இருந்தோர் பலர் இன்று உயிரோடில்லை. பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்காக அலைகையில், இறப்பைப் பதிவு செய்யாத குடும்பங்கள் எத்தனையோ இருப்பது வெளிப்படுகிறது. அவ்விடத்தில் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் துணைச் சான்றாகும்.

வகுப்பில் அக்கேள்வியைக் கேட்ட மாணவர் இன்று பாலாற்றங்கரைக் குருசேகரம் ஒன்றில் ஆயர். சென்ற ஆண்டு அவர் எனக்கு எழுதினார். ஆலயத்தின் பழைய அலமாரியில் 1990களின் அடக்கப் பதிவேட்டைக் கண்டெடுத்ததாகவும், ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தபோதிலும் பெயர்கள் தெளிவாயிருப்பதாகவும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் மக்கள் வரிசையில் நின்று தம் முன்னோர் பெயரைத் தேடுவதாகவும் எழுதியிருந்தார். பதினோராம் பக்கத்தில் அவருடைய பாட்டனார் பெயர் இருந்ததாம்.