உடன்குடிப் பனங்காட்டில் சுவை காணும் பயணம்

பனங்காட்டைப் பார்வையிட்டு, பதனீரும் கருப்பட்டியும் உற்பத்தியாகும் இடத்திலேயே சுவைத்துவர வேண்டுமென்ற விருப்பம் நமது சங்க அங்கத்தினரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதற்கப்பால் உடன்குடி பதினைந்து கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆயினும் முன்னேற்பாடின்றிக் காலை பத்து மணிக்குப் போய் இறங்குவோர் காண்பது வெறும் மரங்களையே. பதனீர் இறக்கி முடிந்திருக்கும். அடுப்பும் தணியத் தொடங்கியிருக்கும். அவர்கள் கடைவீதியில் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்புவர். அது பனை தந்த இனிப்பா, சீனிப் பாகு கலந்ததா என்பது வாங்கியவர்க்கும் தெரியாது.

இவ்விஷயத்தில் இத்தாலி தேசத்துச் சிசிலித் தீவின் குடியானவர் செய்துள்ள ஏற்பாட்டை அறிந்துகொள்வது பயன் தரும். அங்கே எட்னா என்னும் எரிமலையின் சரிவுகளில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் வரை, கருங்கல்லாய் உறைந்த எரிமலைக் குழம்பை அடுக்கிச் சுவர் கட்டித் திராட்சை பயிரிடுகின்றனர். அதிலிருந்து அவர்கள் செய்வது மது. அது நமக்கு வேண்டியதன்று. கவனிக்க வேண்டியது அவர்களுடைய முறை. ஒவ்வொரு காலத்தில் வழிந்த குழம்பு ஒவ்வொரு வகை மண்ணாயிற்று என்று கண்டு, தோட்டப் பகுதி ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயரால் வழங்குகின்றனர். 1968-இல் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2011-இல் தோட்டப் பகுதியின் பெயரையும் சீட்டில் அச்சிடலாமென்று விதி செய்தனர். பார்வையாளர் முன்கூட்டி எழுதி நேரம் பெற்றே பெரும்பாலும் செல்கின்றனர். கட்டணம் செலுத்தி, மண்ணைப் பார்த்து, பகுதி பகுதியாகச் சிறிதளவு சுவைத்து வேற்றுமை அறிகின்றனர். அவ்வாறு அறிந்தவன் பிறகு பெயரைக் கேட்டு வாங்குகிறான், விலைக்கு அஞ்சுவதில்லை.

நமது உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயருக்குக் காப்புக் கிடைத்தது நன்றே. ஆனால் குறியீடு நாக்கைப் பழக்காது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதனீர் வேண்டும். அவ்வளவு பதனீருக்குப் பல மரங்கள் ஏறியாக வேண்டும், விறகு வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம் அடுப்படியில் ஒரு பெண் நின்றாக வேண்டும். சீனி கலப்பவனுக்கு இவற்றில் பாதிக்கு மேல் மிச்சம். வாங்குவோர் இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பாராயின், கலப்படமின்றிக் காய்ச்சுபவன் தானும் கலக்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். பயண ஏற்பாடு பொழுதுபோக்கன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

காலம் முதற்கண் கவனிக்கத் தக்கது. மாசி பங்குனியில் பாளை சீவத் தொடங்குவர். ஆடி வரை பருவம் நீடிக்கும். சித்திரையும் வைகாசியும் சிறந்தவை. விடியற்காலை நாலரை மணிக்குள் முத்தையாபுரத்தை விட்டால், ஆறு மணிக்குத் தேரிக்காட்டில் நிற்கலாம். தேரி என்பது காற்றுக் குவித்த செம்மணல். மணற்பரலின் மேல் படிந்த இரும்புத் துருவே அதன் நிறத்துக்குக் காரணம். காயாமொழியை அடுத்த குதிரைமொழித் தேரியைச் சூரிய உதயத்தில் பார்த்துவிட்டு உடன்குடிப் பக்கம் செல்லலாம். எட்னாவில் மண் கறுப்பு, இங்கே சிவப்பு. இரண்டிலும் நீர் நில்லாது உள்ளே இறங்கிவிடும். வேர் அதைத் தேடிச் செல்ல வேண்டும்.

பனையேறுபவர் ஒரு நாளில் ஒரே மரத்தில் இரண்டு, மூன்று முறை ஏறுவார். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இராவிடில் பதனீர் புளித்துக் கள்ளாகும். கள்ளோ நமது மாநிலத்தில் தடைப்பட்டது. ஆகவே சுவை காண்போர் முதலில் அறிய வேண்டியது சுண்ணாம்பின் அளவையே. அளவு மிகுந்தால் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று பிடிக்கும், நிறமும் மங்கும். குறைந்தால் இனிப்பின் பின்னே இலேசான புளிப்புத் தோன்றும். சரியான பதனீரில் இவ்விரண்டும் இரா. பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தால் ஓலையின் மணமும் சேரும். அது இன்பமே எனினும், முதல் வாயைக் கண்ணாடிக் குவளையிலேயே அருந்துவது நலம்; வேற்றுமை அப்போதுதான் தெரியும்.

சுவைக்கும் வரிசையைப் பற்றி நாம் கூறுவது இது. மரத்தடியில் அப்போதே இறக்கிய பதனீர் முதலில். இயன்றால் தேரிக்காட்டுப் பதனீரையும் கடலோரத் தோட்டத்துப் பதனீரையும் அடுத்தடுத்து அருந்துக. பின்னர் விடிலிக்குச் செல்லலாம். தாச்சியில் பதனீர் கொதித்துப் பொங்கும்போது, நசுக்கிய ஆமணக்கு விதையில் சிறிது இட்டால் பொங்கல் அடங்குவதைக் காணலாம். நுரையின் நிறமும் துடுப்பிலிருந்து பாகு விழும் விதமும் பார்த்தே பதத்தைத் தீர்மானிக்கின்றனர். பாகை ஒரு துளி நாக்கில் இட்டுப் பார்க்கவும். சிரட்டையில் ஊற்றி ஆறிய புதுக் கருப்பட்டி அதன் பின். ஓராண்டு இருந்த பழைய கருப்பட்டி இறுதியில். இடையிடையே வெந்நீர் ஒரு மிடறு, ஒரு பிடி பொரி. சுக்கும் மிளகும் சேர்ந்த சில்லுக்கருப்பட்டியை முன்னதாகத் தின்றுவிட்டால் பிறகு எதுவும் விளங்காது. அதை வீட்டுக்கு வாங்கிச் செல்லலாம்.

கலப்படத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாமென்று பலர் சொல்வர். உடைத்த முகம் பளபளத்தால் சீனி, மங்கலாக இருந்தால் பனை என்பது அவர்கள் கணக்கு. இது குறிப்பேயன்றிச் சான்று ஆகாது. பனையும் கரும்பும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வெவ்வேறு வழியில் ஏற்பவை; ஆதலால் அவற்றின் இனிப்பில் கனத்த கார்பன் அணுக்களின் விகிதம் வேறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை ஆய்வுக்கூடத்தில் இவ்வாறே கண்டறிகின்றனர். குறியீட்டின் பெயரால் விற்கும் சங்கங்கள் இச்சோதனைக்கு வழி தேடுவது அவசியம். மற்றொன்றும் கூற வேண்டும். நீரிழிவு உள்ளோர் கருப்பட்டியைத் தாராளமாக உண்ணலாமென்று சொல்லி விற்பது பிழை. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே. அவர்கள் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

ஒரு தடவைக்குப் பதினைந்து பேருக்கு மேல் செல்லலாகாது. விடிலி சிறிது, அடுப்பு பெரிது. செல்வதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் சங்கக் காரியதரிசி தோட்டக்காரருக்கு எழுதி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி முடிக்க வேண்டும். அத்தொகை ஏறுபவர்க்கும் காய்ச்சுபவர்க்கும் நேரே சேருமாறு, இருவர் பெயரிலும் தனித்தனி ரசீது பெறுக. கணக்குகளைப் பார்வையிடும்போது 'பயணச் செலவு' என்ற ஒரே பற்றில் யாவும் அடங்கியிருப்பதைக் காண்கிறோம். யார் கைக்கு எவ்வளவு போயிற்று என்பது அதில் தெரிவதில்லை. தோட்ட உரிமையாளருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, மரத்தில் தொங்குபவர்க்கு ஒரு வணக்கம் சொல்லி வருவது நியாயமன்று.

மரத்தின் மேல் இருப்பவரை அழைத்துப் பேச்சுக் கொடுத்தல் கூடாது. புகைப்படத்துக்காக இன்னொரு முறை ஏறச் சொல்லுதல் அறவே கூடாது. அவர் கால் தவறினால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பதனீரை மூடிய புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வழியில் புளித்து, மூடி தெறிக்கும்.

பிற்பகலில் நேரமிருந்தால் குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை போகலாம். பாரி கம்பெனியார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை நடத்தி, அதற்காகச் சிறு ரயிலும் ஓட்டினர். இரண்டும் இன்று இல்லை. மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடையும் கைத்திறனை நெசவாளர் அங்கத்தினர் அவசியம் பார்க்க வேண்டும். ஓலையைக் கிழிக்கும் அகலத்திலேயே பெட்டியின் நயம் அடங்கியிருக்கிறது. நூலின் நம்பர் அறிந்தோர்க்கு இது உடனே விளங்கும்.

முதல் நாள் மழை பெய்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே முறை. நனைந்த மரத்தில் ஏறுவது அபாயம். கலயத்தில் மழைநீர் கலந்திருந்தால் பதனீரும் நீர்த்திருக்கும்.