பாடும் நாயும் அதன் பூர்வீகமும்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவின் உயர்ந்த மலைகளில் அபூர்வமான ஒரு நாயினம் வாழ்ந்து வருகின்றது. கூட்டத்தில் ஒரு நாய் ஊளையிடத் தொடங்கினால், மற்றவை வேறு வேறு சுருதிகளில் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. இதனால் இதற்குப் 'பாடும் நாய்' என்னும் பெயர் ஏற்பட்டது.

இந்நாய் உருவத்திற் சிறியது. தோள்வரை இதன் உயரம் 31 முதல் 46 சென்டிமீட்டர். எடை 9 முதல் 14 கிலோகிராம். அகன்ற கன்னங்களும், குறுகிச் செல்லும் முகவாயும், நிமிர்ந்த காதுகளும், அடர்ந்த வாலும் உடையது. உடல் பெரும்பாலும் செம்பழுப்பு நிறமாயிருக்கும். மார்பிலும் பாதங்களிலும் வால் நுனியிலும் வெண்மை காணப்படும். உடல் நன்கு வளைந்து கொடுப்பதால் மரத்திலும் பாறையிலும் எளிதில் ஏறவல்லது.

நியூகினியில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த எந்தப் பிராணியும் இயற்கையாகத் தோன்றியதில்லை. எனவே, ஆசியாவில் மனிதரோடு பழகிய நாய்களின் வழித்தோன்றல்களே கடல் கடந்து அங்கு வந்து, பின்னர் காட்டு வாழ்க்கைக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். இதன் நெருங்கிய உறவினமாகிய ஆஸ்திரேலிய டிங்கோவின் எலும்புகள் 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஆகவே, இவ்விரண்டும் மிகப் பழைய நாய்ப் பரம்பரையைச் சேர்ந்தவை எனலாம்.

1956-ஆம் ஆண்டில் லவானிப் பள்ளத்தாக்கில் பிடிபட்ட ஒரு ஜோடி, சிட்னி நகரின் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டில் எல்லிஸ் டிரவுட்டன் என்னும் விலங்கியலறிஞர் இதைத் தனி இனமாக விவரித்தார். பிற்காலத்தில் கூண்டுகளில் வளர்ந்த பாடும் நாய்கள் யாவும் எட்டே நாய்களின் சந்ததிகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்தமையால், அவற்றின் மரபு வளம் தலைமுறைதோறும் குன்றியது. காட்டிலோ இவ்வினம் அழிந்திருக்கலாம் எனப் பலர் அஞ்சினர்.

2016-ஆம் ஆண்டில், தீவின் மேற்குப் பகுதியில், புஞ்சாக் ஜெயா சிகரத்தை அடுத்த மலைச்சரிவுகளில் காட்டு நாய்கள் புகைப்படத்திற் பதிவாயின. 2018-இல் அவற்றுள் மூன்றின் இரத்தம் சேகரிக்கப்பட்டது. கூண்டிலுள்ள பாடும் நாய்களும் இவையும் ஒரே பரம்பரையைச் சேர்ந்தவை என்பதை 2020-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி புலப்படுத்திற்று. கூண்டு நாய்கள் இழந்த மரபு வளமும் இவற்றில் எஞ்சியுள்ளது.

ஆயினும் கிராமத்து நாய்களோடு கலக்க நேர்ந்தால் இப்பழம் பரம்பரையின் தனித்தன்மை மங்கிவிடும். ஓர் இனத்தின் சில பிராணிகளைக் கூண்டில் வளர்ப்பது மட்டும் போதாது. அது வாழும் காட்டையும் காத்தாலன்றி அவ்வினம் முழுமையாக நிலைபெறாது. இம்மலைநாய் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.