தரகர் கொடுத்த உரிமம்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் காகிதக் கட்டொன்றுடன் நம்மைக் காண வந்தார். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணை அது. அவர் பெயரிலுள்ள சிறு சுமை வேனை மகன் ஓட்டிச் சென்றபோது, மிதிவண்டியில் வந்த கூலித் தொழிலாளி ஒருவர் அடிபட்டு மாண்டார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் மகனது ஓட்டுநர் உரிமம் போலி என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதிற்கண்ட எண்ணில் எந்த அலுவலகமும் அவனுக்கு உரிமம் வழங்கியிருக்கவில்லை.

"சாமி, நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லையே! தரகரிடம் பணம் கொடுத்துத்தானே வாங்கினோம்? ஒரு முறை அலுவலகத்தில் புதுப்பித்தும் கொடுத்தார்களே?" என்றார்.

கள்ளமின்றிக் கேட்ட கேள்விதான். பணம் கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கும் உண்டு. உரிமமோ விலைப்பொருள் அன்று. பழகுநர் உரிமம் பெற்று, முப்பது நாளேனும் பழகி, ஆய்வாளர் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்டியவனுக்கு அரசு தரும் சான்று அது. இருசக்கர வண்டிக்கு எட்டுப் போடச் சொல்வது வீண் சடங்கு என்று இளைஞர் நகைக்கின்றனர். காலை ஊன்றாமல் எட்டுப் போட இயலாதவன் சந்தை நாளன்று கடைத்தெருவில் என் செய்வான்?

புதுப்பித்ததால் போலி மெய்யாகிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2001ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. முத்திரை மெய்யாயினும், அது விழுந்த தாள் பொய்யே. போலியென அறிந்தே ஓர் ஆவணத்தை மெய்யெனக் காட்டுவோனுக்கு, அதைப் புனைந்தவனுக்குரிய தண்டனையே உண்டு. பழைய தண்டனைச் சட்டம் சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. ஏமாற்றும் நோக்கமுடைய போலி ஆவணத்திற்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். தன் உரிமத்தைப் பிறர் பயன்படுத்த விடுவதையும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. அண்ணன் உரிமத்தைத் தம்பி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது நம் ஊரில் புதிதன்று!

பெரியவரை வாட்டியது சிறை பற்றிய அச்சமன்று, பணம். 2004இல் உச்சநீதிமன்றம் இவ்வகை வழக்குகளுக்கு நெறி வகுத்தது. உரிமம் போலி என்பதைக் காட்டி மட்டும் இன்சூரன்ஸ் நிறுவனம் தப்பிவிட முடியாது. வண்டி உரிமையாளர் அதை அறிந்திருந்தார், அல்லது போதிய கவனம் செலுத்தவில்லை என்பதையும் நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலுங்கூட, பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு முதலில் நிறுவனமே பணம் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். மாண்டவரின் மனைவி மக்கள் பட்டினி கிடக்கலாகாது என்பதற்காக எழுந்த ஏற்பாடு இது. இதனை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் நம் பெரியவருக்கு அதில் புகலிடம் இல்லை. தேர்வுக்கே போகாத மகனுக்காகத் தரகரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் அவரே அல்லவா? ஒன்றரை ஏக்கர் நன்செயை விற்றுக் கட்டினார்.

அந்தத் தொழிலாளியின் வீட்டிற்குச் சென்று வந்தீரா என்று கேட்டோம். இல்லை என்றார்.

வயதைத் திருத்துவோர் கதை வேறு. பள்ளியில் காட்டுவதற்காக ஞானஸ்நானச் சான்றிதழில் ஈராண்டு கூட்டி எழுதித் தருமாறு நம்மிடமே கேட்ட பெற்றோர் உண்டு, கொடுத்ததில்லை. 2019இல் வந்த திருத்தத்தின்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என மெய்ப்பிக்க இயலாத பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பையனுக்கோ 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

ஓட்டுநரை வேலைக்கு அமர்த்துமுன் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொண்டு மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சரிபார்க்கலாம். கைப்பேசி பழகாதோர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு இல்லம் வந்தால் நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்வர். சென்ற மாதம் வந்த ஒன்பது பேரில் ஒருவருடைய எண் அகப்படவில்லை. பழைய புத்தக உரிமங்கள் சில கணினியில் ஏறாமலும் இருக்கக்கூடும். ஆகவே அலுவலகத்தில் நேரிற் கேட்டறியுமாறு அவரை அனுப்பினோம். விடை வரும்வரை அவருடைய டிராக்டர் கொட்டகையில்தான் நிற்கிறது.