‘ஜோஷ்’ இன்னும் குறையலை! தொப்பூர் கணவாய் ஏறும் ஃபோர்டு ஐக்கான்... பழைய கார் வாங்கப் போறவங்க கவனத்துக்கு!

சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் லாரிகளுக்கும், ஹாரன் அடித்தபடி முந்தும் புத்தம் புது எஸ்.யூ.வி-களுக்கும் நடுவே, பெயின்ட் மங்கிய ஒரு செடான் அலட்டாமல் ஏறிக்கொண்டிருக்கும். முன்னால் நீல நிற முட்டை வடிவ லோகோ. பின்னால் பாதி எழுத்து உதிர்ந்துபோன ‘ஐக்கான்’. நம்பர் பிளேட் டி.என்.29 என்று ஆரம்பித்தால், அது நம்ம ஊர் வண்டி!

ஃபோர்டு நிறுவனம் ஐக்கானைத் தயாரிப்பதை நிறுத்தி 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஃபோர்டே இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய கார் சந்தையில் ஐக்கானுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. ‘ஒரு நல்ல பைக் விலைக்கு ஏ.சி. கார் கிடைக்குதே’ என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசை எப்போது சேமிப்பை விழுங்கும், எப்போது விழுங்காது என்பது வண்டியின் கதை தெரிந்தால் புரியும்.

மறைமலை நகரில் பிறந்த அமெரிக்கன்

ஃபோர்டுக்குச் சென்னை புதிய ஊர் அல்ல. 1926-லேயே இந்தியாவில் தனி நிறுவனம் தொடங்கி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என மூன்று இடங்களில் உதிரி பாகங்களைக் கொண்டுவந்து கார்களைக் கோத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக, 1950-களில் கடையைக் கட்டியது.

திரும்பி வந்தது 1995-ல், மஹிந்திராவின் கைபிடித்துக்கொண்டு. மறைமலை நகரில் தொழிற்சாலை. 1996-ல் வந்த முதல் கார் எஸ்கார்ட். வெளிநாட்டில் ஓடி முடித்த மாடலை இங்கே இறக்கியதாலோ என்னவோ, மக்கள் மனதில் அது பெரிதாக ஒட்டவில்லை. 1998-ல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவிகிதமாக உயர்த்திக்கொண்டது. அடுத்த ஆண்டே வந்தது ஐக்கான்.

1999 நவம்பரில் அறிமுகமான இந்தக் கார், ஐரோப்பிய ஃபியஸ்டா ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தில் இந்தியாவை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட செடான். இங்கே செய்து தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் அனுப்பினார்கள். ‘தி ஜோஷ் மெஷின்’ என்ற விளம்பரம் 90ஸ் கிட்ஸ் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ‘ஜோஷ்’ என்ற இந்தி வார்த்தைக்கு நம் ஊரில் பலருக்கு அர்த்தம் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தெரிந்துவிட்டது!

அந்த ஓட்டத்துக்குக் காரணம் 1.6 லிட்டர் ‘ரோகேம்’ பெட்ரோல் இன்ஜின். 90 குதிரைத் திறனைத் தாண்டிய பவர், சுமார் ஒரு டன் எடை. மாருதி எஸ்டீம், ஹூண்டாய் ஆக்சென்ட், ஓபல் கோர்ஸா, ஹோண்டா சிட்டி எல்லாம் களத்தில் நின்ற காலத்தில், நெடுஞ்சாலையில் ஐக்கானின் ஸ்டீயரிங் துல்லியமும் வேகத்தில் ஆடாத உடம்பும் தனிப் பேச்சாக இருந்தன. மைலேஜ் பார்ப்பவர்களுக்கு 1.3 பெட்ரோல், 1.8 டீசல் இருந்தன. பிற்பாடு 1.3-யும் ரோகேம் குடும்பத்துக்கு மாறியது. ‘நெக்ஸ்ட்’, ‘ஃப்ளேர்’ என்று பெயர்கள் வந்துபோயின. 2008-ல் 1.4 லிட்டர் டி.டி.சி.ஐ. டீசல் வந்தது.

அப்புறம் ஏன் நின்றது? பாதிக் காரணம் ஒரு ஸ்கேல்! 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும், சின்ன இன்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஐக்கானின் நீளம் நான்கு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ அதற்குச் சலுகையை மறுத்தது. மற்ற நிறுவனங்கள் பின்பக்கத்தை வெட்டிக் குட்டி செடான்களை இறக்க ஆரம்பித்தன. ஃபோர்டுக்குள்ளேயே 2005-ல் ஃபியஸ்டா செடானும், 2010-ல் ஃபிகோவும் வந்துவிட்டன. 2011-ல் ஐக்கான் விடைபெற்றது. நான்கு மீட்டருக்குள் அடங்கிய ஆஸ்பயரை ஃபோர்டு கொண்டுவந்தபோது 2015 ஆகியிருந்தது. ரொம்ப லேட்!

தருமபுரியில் இந்த வண்டிக்கு என்ன ஆகும்?

பெட்ரோல் ஐக்கான்களின் முதல் எதிரி சூடு. ரோகேம் இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்த வகையில் அது உழைக்கும் இன்ஜின். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கூலன்ட் போகும் வழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக்கால் ஆனது. சூடாகிச் சூடாகி, ஆறி ஆறி, வருடக்கணக்கில் அது இறுகிப்போய் ஒருநாள் விரிசல் விடும். கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் கசியும். வெளியே தெரியவும் தெரியாது. சித்திரை வெயிலில் ஏ.சி-யைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு தொப்பூர் ஏற்றத்தை ஏறும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும்.

இன்ஜினின் பிளாக் வார்ப்பு இரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் வளையும். ஹெட் கேஸ்கட் போகும். இன்ஜினைப் பிரித்து, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, திரும்பப் பூட்டுவதற்கு ஆகும் செலவில் காரின் விலையில் பாதி போய்விடும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டால், சென்ஸாரைத் தொட்டுக்கொண்டிருக்க திரவமே இருக்காது. அப்போது டெம்பரேச்சர் முள் ஏறாமல் இறங்கவும் செய்யலாம். ‘மீட்டர் நார்மலாத்தானே காட்டுச்சு’ என்று புலம்பும் பலர் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான். ஏ.சி. திடீரென்று குளிரவில்லை, இன்ஜின் இழுக்கவில்லை என்றால் முள்ளை நம்பாதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இன்னொரு விஷயம், நம் மாவட்டத்துக்கென்றே இருக்கும் பிரச்னை. தண்ணீர். தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதும், அதனால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட கிராமங்கள் இருப்பதும் ஊரறிந்த கதை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. மனுஷனுக்கு ஆகாத அந்த உப்புத் தண்ணீரை ‘அவசரத்துக்கு’ என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். உள்ளே மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து, அடைத்து, அடுத்த கோடையில் மறுபடி சூடு. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவதுதான் சரி. பழைய ஐக்கானைப் பார்க்கப் போனால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த காவி நிறத் தண்ணீர் இருந்தால், விலை பேசாமலே கிளம்பிவிடலாம். ஆயில் ஃபில்லர் மூடியின் அடியில் பாலாடை மாதிரி வெண்மையாகப் படிந்திருந்தாலும் உஷார். ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

டீசல் வண்டிகளின் கதை வேறு. பழைய 1.8 டீசல் சத்தம் போடும், மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் தொந்தரவு குறைவு என்பதால், பென்னாகரத்திலோ அரூரிலோ அனுபவமுள்ள ஒரு டீசல் மெக்கானிக்கே சமாளித்துவிடுவார். 1.4 டி.டி.சி.ஐ. நல்ல மைலேஜ் தரும். ஆனால் இன்ஜெக்டர் வாஷர் கசிந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாகத் தார் மாதிரிப் படியும், அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. இரண்டு டீசலிலும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். ‘பெல்ட் எப்போ மாத்தினீங்க?’ என்ற கேள்விக்கு விற்பவரிடம் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

மற்றவை எல்லாப் பழைய காருக்கும் வருபவைதான். லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்து ‘டொக் டொக்’ சத்தம், பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு, ஏ.சி. கூலிங் காயில் ஓட்டை. ஐந்து பேர் ஏறினால் கிராமத்து வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக இந்தக் கார்கள் செய்யப்படவில்லை. எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்கள் இறுகியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று பார்த்து மாற்றிவிடுவது நல்லது. மைலேஜ் கொஞ்சம் குறையும், வேறு வழியில்லை.

இறக்கத்தில்தான் சோதனை

ஏற்றத்தில் காசு போகும். இறக்கத்தில் உயிரே போகலாம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் தொப்பூர் இறக்கம் எத்தனை விபத்துகளைப் பார்த்தது என்பதை மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏ.பி.எஸ். பிரேக் இந்தியாவில் கார்களுக்குக் கட்டாயமானது 2019-ல்தான். ரோட்டில் இருக்கும் பெரும்பாலான ஐக்கான்களில் அதுவும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், இன்ஜினையே அணைத்துவிடுவதும் நம் ஊரில் சிலருக்குப் பெருமையான பழக்கம். தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் ஓடும்வரைதான் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கும். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகும். பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும். மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான். வண்டி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் செலவு சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் அல்ல. பிரேக் ஆயிலும் டயரும்தான்.

பேப்பரும் பார்ட்ஸும்

சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வந்த ஐக்கான்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிட்டன. ஆக, ‘எஃப்.சி. முடியப் போகுது, நீங்களே பார்த்துக்கோங்க’ என்று சொல்லி விலையைக் குறைத்தால், அது குறைப்பே இல்லை. கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்.சி-யில் ஏறியிருக்கிறதா, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்பதையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

பார்ட்ஸ் விஷயத்தில் ஒரு விநோதம். பழைய கார் என்றால் பெட்ரோல்தான் தொல்லை இல்லாதது என்பார்கள். ஐக்கானில் கொஞ்சம் தலைகீழ். 1.4 டீசல் இன்ஜின் ஃபியஸ்டா, ஃபிகோ, ஃப்யூஷன் ஆகியவற்றிலும் இருந்ததால் சாமான் கிடைக்கிறது. ரோகேம் பெட்ரோல் இன்ஜினோ, இந்தியாவில் ஐக்கானோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஃபியஸ்டாவுக்கும் ஃபிகோவுக்கும் வேறு பெட்ரோல் இன்ஜின். சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு என்று தேட வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே, இந்த வண்டியில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மறைமலை நகர் என்ன ஆனது? 2018-லேயே ஃபோர்டு அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2021 செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியத் தயாரிப்பையே நிறுத்துவதாகச் சொன்னது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது நிறுவனம். சுமார் 4,000 ஊழியர்களின் வேலை கேள்விக்குறியானது. நியாயமான இழப்பீடு கேட்டு 2022-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியேறியதோடு ஆலை அமைதியானது.

2025 அக்டோபரில் ஃபோர்டு மறுபடியும் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. 2029-லிருந்து மறைமலை நகரில் இன்ஜின்கள் தயாராகும். ஆனால் அவை புதுத் தலைமுறை இன்ஜின்கள், அதுவும் ஏற்றுமதிக்கு. தருமபுரி ஐக்கானுக்குத் தெர்மோஸ்டாட் ஹவுசிங் வேண்டுமென்றால், அன்றைக்கும் ஜே.சி. ரோட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கும். போனால் இரண்டாக வாங்கி வந்து, ஒன்றை டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.