பிசுபிசுக்கும் பலகையும் பெயரில்லாத புட்டியும்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கில் முன்னே நிற்பவர்கள் பலரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். புதுப் பலகையின் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. நாமே செய்துபார்த்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு; வரவேற்க வேண்டியதும்கூட. பலகை வடிவில் செதுக்கிய நுரையின் மேல் ஒட்டுவதற்கு, ஃபைபர் படகுக்கு வாங்கும் ரெசினும் கண்ணாடி இழைத் துணியுமே போதும். ஆனால் தவறுகள் பெரும்பாலும் கடைசிப் பூச்சில்தான் வருகின்றன. அவற்றை அன்றைக்கே சரிசெய்துவிடும் அவசரத்தில் கண்ணையும் தோலையும் நுரையீரலையும் பணயம் வைக்கிறோம்.

முதல் தவறு, பூச்சு மறுநாளும் பிசுபிசுப்பது. பாலியெஸ்டர் ரெசினில் துணியை ஒட்டும் வகை, காற்றுப் படும் மேற்பரப்பில் முழுதாக இறுகாது. அது அதன் இயல்பு. மெழுகு கலந்த ரெசினை மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போதும். எபாக்ஸி ரெசின் பிசுபிசுத்தால் கதை வேறு. அதை இறுக வைக்கும் ஹார்ட்னரின் அளவு தவறியிருக்கும், அல்லது சரியாகக் கலக்கியிருக்க மாட்டோம். மேலே இன்னும் ஹார்ட்னர் தடவினால் எந்தக் காலத்திலும் இறுகாது. இறுகாததைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடைபோட்டுக் கலந்து மீண்டும் பூச வேண்டியதுதான். தெர்மாகோல் பலகை என்றால் எபாக்ஸி மட்டுமே; பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டின் வழக்கமான அளவு எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர்க் கடைகளில் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனிப் புட்டியில் தருவதுண்டு. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எரிச்சல் அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த தவறு, பூச்சில் விழும் ஊசித்துளைகள். அவை வெயில் ஏறும் நேரத்தில் பூசுவதால் வருபவை. நுரைக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து வெளியேறுகிறது. வெயில் தாழ்ந்தபின் பூசுங்கள். தேய்க்கும்போது துணியின் நெசவு தெரிந்துவிட்டால் இன்னொரு பூச்சு போதும். இழையே அறுந்திருந்தால், அந்த இடத்தைவிட அகலமான துணி ஒட்டிய பிறகே பூச வேண்டும்.

இந்தத் தேய்ப்பு வேலைக்கு முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது நம்மிடம் பரவலான பழக்கம். அது நுண்ணிய தூசியைச் சரியாகத் தடுக்காது, ஆவியைத் தடுக்கவே தடுக்காது. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீனை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் சேர்த்தது. ஏறத்தாழ 31 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும். சென்னை மதியம் அதைச் சுலபமாகத் தாண்டும். ரெசின் வேலைக்குக் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தூசிக்கு என்95. முடிந்தவரை வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். எபாக்ஸியை வெறுங்கையால் தொடாதீர்கள். அதற்குத் தோல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கும்.

பொருள் வாங்கும் கடையில் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. சில்லறைப் பொதியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் பொதியிட்ட பொருட்கள் விதிகள். பெயரே இல்லாத பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றித் தரும் கேட்டலிஸ்டை வாங்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்து வீட்டில் யாராவது குடித்துவிடலாம். பாதுகாப்புத் தகவல் தாளையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். காலாவதியான ரெசினோ கலப்படமோ உங்கள் பலகையைக் கெடுத்தால், மீதமிருக்கும் பொருளைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிழைப்புக்காகத் தன் கையால் பலகை செய்பவரும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர்தான்.

அதே சட்டம், பலகையை விற்பவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. கால் கயிறு மாட்டும் குமிழ் பிய்ந்து, பலகை அடுத்தவர் தலையில் மோதினால் இழப்பீடு கேட்டு வருவார்கள். விற்பதற்கு முன் அந்தக் குமிழையும் துடுப்பின் அடியையும் இழுத்துப் பாருங்கள். இழை துருத்தும் விளிம்பு எங்கேனும் தட்டுப்பட்டால் பலகையைக் கொடுக்காதீர்கள்.