கறுத்த இரத்தம் கெட்ட இரத்தமா?

கிளினிக்கில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது அது கறுஞ்சிவப்பாக வருவதைக் கண்டு, "ஐயோ, கெட்ட இரத்தமாப் போச்சே!" என்று பயப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. அது கெட்ட இரத்தம் அல்ல. உடம்புக்கு ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற இரத்தம், அவ்வளவுதான்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் உண்டு. சும்மா இருக்கும்போதே அது சுமார் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடும். போகிற இடத்துக்குத் தக்கபடி அதிலுள்ளவை மாறுகின்றன. சுவாசப்பையில் கரியமிலவாயுவை இறக்கி, ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு பளிச்சென்று சிவக்கிறது. குடலில் சாப்பாட்டின் சீனிச்சத்தை எடுத்துக்கொண்டு, நேரே இருதயத்துக்குப் போகாமல் முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் மிஞ்சிய சீனியைச் சேமித்து, பசி நேரத்தில் திரும்ப விடும். இராமுழுக்கப் பட்டினி கிடந்தும் காலையில் எழுந்து நடக்கிறோமே, அதனால்தான். கழிவான யூரியாவை உண்டாக்குவதும் ஈரலே. அதை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். நாளொன்றுக்கு 180 லீற்றர் வரை வடித்தாலும், ஒன்றிரண்டு லீற்றர்தான் சிறுநீராகப் போகும். மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடும்.

ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதைக் கொழுந்துக் கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து நிறைய, கூடைகளோ குறைவு. எல்லாக் கூடையும் நிறைந்தாலும் மடுவத்துக்கு வந்து சேருவது கொஞ்சம்தானே? இரத்தசோகையும் அப்படித்தான். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் ஒட்சிசன் 98 என்று காட்டும். ஆனாலும் ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். கூடை நிறைந்திருக்கிறதா என்றுதான் கிளிப் பார்க்கும், கூடைகளை எண்ணாது. எண்ணுவதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பிணித் தாய்க்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை.

கூடை பின்ன இரும்புச்சத்து வேண்டும். நாம் பறிக்கிற தேயிலையே இதற்குக் கொஞ்சம் எதிரி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதைக் குறைத்துவிடும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடவே வேண்டாம். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். குளிசை போடுகிற நாட்களில் மலம் கறுப்பாகப் போகலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாமல், குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.