தராசில் ஏறி நின்றவர்கள்

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பேன். ஆளுயரத் தராசில் ஒருவர் ஏறி நிற்பார். எண்கள் ஏறி இறங்கும். நிற்கப்போகும் நேரத்தில் விளம்பரம் வந்துவிடும். முடிந்து திரும்பினால் ஒரே வாரத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கும். அவர் அழுவார், எனக்கும் கண் கலங்கும். அடுத்தவர் ஒன்றரை கிலோதான் குறைந்திருப்பார். தலைகுனிந்து நிற்கும் அவரைப் பார்த்து மனசுக்குள் ‘சோம்பேறி’ என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

‘தி பிக்கெஸ்ட் லூசர்’ 2004 அக்டோபரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. உடல் எடையில் அதிக சதவீதம் குறைப்பவருக்கு இரண்டரை லட்சம் டாலர் பரிசு. 2007இல் சஹாரா ஒன் அலைவரிசையில், சுனில் ஷெட்டி தொகுத்து வழங்க, இந்தியிலும் இது வந்தது.

வாரத்துக்கு ஏழு கிலோ எப்படிக் குறைகிறது? சாப்பாட்டைத் திடீரென வெட்டினால் உடல் முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்துள்ள மாவுச்சத்தை எடுத்துச் செலவழிக்கும். அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இறக்கத்தில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். பிறகு கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. பட்டினியும் பல மணி நேர உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் திரையில் அந்த எண் வரும். முதல் பருவத்தில் வென்ற ரயன் பென்சன், கடைசி நாட்களில் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தியதில் சிறுநீரில் ரத்தம் போனதாகப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். எட்டாம் பருவத்தின் முதல் போட்டி, கடற்கரையில் ஒரு மைல் ஓட்டம். அதில் ஒரு பெண் சுருண்டு விழுந்தார். தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அது உயிரையே பறிக்கக்கூடியது. நாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பருவத்தை வென்றவர் டேனி கேஹில். 195 கிலோவிலிருந்து ஏழு மாதத்தில் 87 கிலோவுக்கு வந்தவர். கைதட்டல் ஓய்ந்த பிறகு நடந்ததைத்தான் எந்த அலைவரிசையும் காட்டவில்லை. அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹால், அந்தப் போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. நான்கு பேர் போட்டிக்கு முன்பிருந்ததைவிடக் கனமாகியிருந்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்று: சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடல் செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. ஏறக்குறைய ஒருவேளைச் சாப்பாடு. கேஹிலுக்கு இது 800 கலோரி. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் சுரப்பும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று நம்பிய உடல், ஆறு ஆண்டுகளாகியும் சிக்கனத்தை விடவில்லை. பசி கூடவே இருந்தது. இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால், அந்தச் சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம்.

பார்த்து ரசித்ததால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். பார்க்கப் பார்க்க அந்த எண் நமக்கு அளவுகோலாகிவிடுகிறது என்பதுதான் நஷ்டம். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்று மருத்துவர் சொன்னால் ஏமாற்றமாக இருக்கிறது. ‘பத்தே நாளில் பத்து கிலோ’ என்று ரீல்ஸில் ஒருவர் சொன்னால் நம்பத் தோன்றுகிறது. 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர், யூடியூப் பார்த்து சில மாதங்கள் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த நிலையில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் சேரலாம். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசைவலி வந்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

இனிச் சட்டம். உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். சந்தைக்கடை முதல் இன்ஸ்டாகிராம் வரை இது தினமும் மீறப்படுகிறது, நாமும் புகார் செய்வதில்லை. மருந்தில்லாத சிகிச்சைகளுக்கும் எடைக் குறைப்பு மையங்களுக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் தடை போடலாம். 2025 ஆகஸ்ட்டில் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்குக் கொழுப்புக் குறைப்பு விளம்பரத்துக்காக 3 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதிப் போனால் போதும்.

பணம் கட்டி ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, எடை குறித்துத் தந்த அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை என்றால் ஆபத்துகளை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

வீட்டில் வளரும் பிள்ளை தட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருந்தால், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, உடல்நல ஆலோசனைக்கு 104. ஏமாற்று விளம்பரத்துக்கும் மையத்துக்கும் எதிராகப் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்புக்குக் காசில்லை. தமிழிலேயே பேசலாம்.